உமையம்மாள் வைத்த கைநாட்டு

சிவமயம்

பாறசாலை
கொல்லம் 1112 மாசி 22

தம்பி தாணுமாலயனுக்கு அக்காள் உமையம்மாள் எழுதுவது. இங்கே நான் சுகம், பசு சுகம், கிணற்றில் தண்ணீர் கொஞ்சம் கீழே போயிருக்கிறது, மற்றபடி குறை இல்லை. நீயும் உன் வீட்டுக்காரி கல்யாணசுந்தரியும் எப்படி இருக்கிறீர்கள்? சர்க்கார் கச்சேரியில் உட்கார்ந்தே எழுதி எழுதி வயிறு மந்தமாகிவிட்டது என்று எழுதியிருந்தாயே, சுக்கு வெந்நீர் குடிக்கிறாயா?

விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு வாரம் முன்பு நெய்யாற்றின்கரை வக்கீல் ஞானசம்பந்தம் வந்திருந்தார். ஸ்ரீமூலம் சட்டசபைத் தேர்தலில் நம் பக்கத்துக்கு நிற்கிறாராம். இந்தத் தடவை சின்ன நிலக்காரர்களுக்கும் ஓட்டு உண்டு என்பது உனக்குத் தெரியும். உன் அத்தான் போனபிறகு நிலவரி ரசீது என் பெயரில்தானே வருகிறது, அதனால் பட்டியலில் நானும் இருக்கிறேன். வக்கீல் அச்சடித்த காகிதத்தில் என் பெயரைத் தொட்டுக் காட்டினார். என் பெயரை அச்சில் பார்ப்பது இதுதான் முதல் தடவை. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை.

அவருடைய மனுவில் நான் முன்மொழிய வேண்டுமாம். வரி கட்டுகிற ஒரு ஸ்திரீ முன்மொழிந்தால் அதற்கொரு மதிப்பு உண்டு என்றார். வாசித்துப் பார்க்காமல் நான் எதிலும் கையெழுத்துப் போடுவதில்லை என்றேன். கொடுத்தார். வாசித்தேன். சர்வே நம்பரில் ஒரு பிழை இருந்தது, திருத்தச் சொல்லி, பிறகு போட்டேன். வக்கீல் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீ.

வழிமொழிகிறவர் நம் வடக்கு வயலுக்கு அடுத்த நிலத்துப் பாலையன். கிறிஸ்துவ வேதக்காரர்களும் கூட இருக்கட்டும் என்பது வக்கீலின் கணக்கு. பாலையன் பெருவிரலை நீட்டிக்கொண்டு வந்து நின்றார். "எனக்கு விரலு போரும் அம்மா, எழுத்து எதுக்காக்கும்?" என்றார். என் பெயருக்குக் கீழே மை அப்பிய விரல் வருவது எனக்குச் சம்மதமில்லை என்றேன். மனு கொடுக்க ஒன்பது நாள் இருந்தது. தினமும் மரச்சீனிக் கிழங்குக் காட்டு வேலை முடிந்து வந்து சிலேட்டில் எழுதினார். மண்வெட்டி பிடித்த கை, குச்சி நாலு ஒடிந்தது. எட்டாம் நாள் தன் பெயரைத் தானே எழுதிவிட்டு, அழிக்கவிடாமல் சிலேட்டை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பெண்டாட்டி சத்தியபாயிடம் காட்டிவிட்டு வந்தார்.

அவர் என்னைவிட மூத்தவர். ஆனாலும் நம் வீட்டில் எல்லோரும் அவன் இவன் என்றே பேசிப் பழகிவிட்டோம். ஒரே காகிதத்தில் பெயர் வந்த பிறகு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. இனி அவர் என்றே எழுதுவேன், நீ சிரித்தாலும் சரி.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்காள்
உமையம்மாள்

•

திருவனந்தபுரம், கரமனை
1112 பங்குனி 6

அன்புள்ள அக்காளுக்கு, தாணுமாலயன் வணக்கம். கடிதம் கிடைத்தது. வயிறு பரவாயில்லை. கல்யாணசுந்தரிக்குத்தான் கொஞ்சம் சுகக்கேடு. முந்தாநாள் பலாச்சக்கை அறுக்கும்போது அரிவாள்மணை வழுக்கி இடது கைப் பெருவிரலில் நன்றாக வெட்டிவிட்டது. வைத்தியர் கட்டுப் போட்டிருக்கிறார். ஒரு மாதமாவது தண்ணீர் படக்கூடாதாம். சமையல் இப்போது நான்தான், அதை நினைத்து நீங்கள் கவலைப்பட வேண்டியது அவளுக்காக அல்ல, எனக்காக.

வக்கீல் மனுவில் நீங்கள் கையெழுத்துப் போட்டதை இங்கே கச்சேரியில் என் சூப்ரண்டுகூட அறிந்திருக்கிறார். "உம் அக்காள் ராஜ்ய காரியத்தில் இறங்கிவிட்டாளாமே" என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்டுச் சிரித்தார். நல்ல விதமாகத்தான் கேட்டார். சர்க்கார் உத்தியோகஸ்தர்கள் தேர்தலில் தலையிடக்கூடாது என்பதால் நான் ஃபைலைப் பார்ப்பது போல் குனிந்துகொண்டேன். உள்ளுக்குள் பெருமையாகத்தான் இருந்தது.

பாலையன் எழுதக் கற்றுக்கொண்டான் என்பதைக் கல்யாணசுந்தரிக்கு வாசித்துக் காட்டினேன். தன்னை மட்டும் யாரும் சிலேட்டுப் பக்கம் விடவில்லை என்று குறைப்பட்டாள். அடுத்த தடவை பாறசாலைக்கு வரும்போது உங்களிடம் கற்றுக்கொள்வாளாம்.

தாணுமாலயன்

•

சிவமயம்

பாறசாலை
1112 சித்திரை 29

தம்பிக்கு, இங்கே சுகம். கல்யாணசுந்தரி விரல் ஆறிவிட்டதா? மஞ்சளும் வேப்பெண்ணெயும் சூடாக்கிப் போடச் சொல். அவளை எப்போது வேண்டுமானாலும் அனுப்பு. உனக்கு அரிச்சுவடி சொல்லிக்கொடுத்ததே நான்தான், நீயே ஒழுங்காக வந்துவிட்டாய், அவளுக்கு ஒரு மாதம் போதும்.

ஓட்டுப் போட்டு முடிந்தது. இங்கே பள்ளிக்கூடத்தில்தான் நடந்தது. பெண்கள் வரிசையில் ஒன்பது பேர். எனக்கு முன்னால் நின்றவளிடம் ஆபீசர் "பர்த்தாவின்றெ பேரு?" என்று கேட்டார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். மறுபடி கேட்டார். மறுபடியும் குனிந்தாள். புருஷன் பெயரை வாயால் சொல்லக்கூடாது என்பது அந்த மனுஷனுக்கு எப்படித் தெரியாமல் போனதோ, வடக்கே எங்கேயோ உள்ளவர் போல. பெயர் சொல்லாதவர்களுக்கு ஓட்டு இல்லை, திரும்பிப் போகலாம் என்றுவிட்டார்.

என் கதை அதைவிட மோசம். உன் அத்தான் பெயர் நமச்சிவாயம். அவர் பெயர் ஐந்தெழுத்தாகப் போனதால் இருபத்திரண்டு வருஷமாகக் கோவிலில்கூட நான் அதை வாய்விட்டுச் சொன்னதில்லை, சிவாயநம என்று திருப்பித்தான் சொல்வேன். ஓட்டுக்காகச் சொல்லிவிடுவேனா? "பேப்பரும் பென்சிலும் தாங்க" என்றேன். எழுதிக் கொடுத்தேன். வாயால் சொல்லத்தானே தோஷம், கையால் எழுத இல்லை. ஆபீசர் அதை வாசித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

பிறகு திரும்பிப் போனவளையும் கூப்பிட்டு, மற்ற எட்டுப் பேருக்கும் நானே எழுதினேன். பெயரைச் சொல்லாமல் எனக்கு எப்படித் தெரிவிப்பார்கள்? ஒருத்தி "செந்தூர்ல இருக்கவரு" என்றாள். முருகனுக்கு உள்ள பெயரையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தேன், ஆறாவதில் தலையாட்டினாள். பெருங்கடவிளையிலிருந்து இங்கே வாழ்க்கைப்பட்ட ரத்னபாய் பைபிளில் ஒரு பக்கத்தைத் திறந்து விரல் வைத்துக் காட்டினாள். பாறசாலை முழுக்க வேலிக்கு அந்தப்பக்கம் நின்று வேடிக்கை பார்த்தது. ஒன்பது ஓட்டும் விழுந்தது.

வக்கீல் ஜெயித்துவிட்டார். பாலையன் மரச்சீனி அவித்துப் பந்தி வைத்தார்.

உமையம்மாள்

•

கரமனை
1112 ஆனி 3

அக்காளுக்கு வணக்கம். கல்யாணசுந்தரிக்கு விரல் ஆறிவிட்டது. ஆனால் பெருவிரலின் குறுக்கே சாய்வாக ஒரு கோடு விழுந்து அப்படியே நின்றுவிட்டது. இனி மாறாது என்றார் வைத்தியர். அதைக் காட்டி, தனக்குப் படிக்காமலே ஒரு கோடு போட வந்துவிட்டது என்று உங்களுக்கு எழுதச் சொல்கிறாள்.

உங்கள் ஓட்டுக் கதையைக் கச்சேரியில் சொன்னேன். சூப்ரண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். எனக்கு அடுத்த வருஷம் ஹெட் கிளார்க் பதவி கிடைக்கலாம் என்று அவரே சொன்னார்.

தாணுமாலயன்

•

சிவமயம்

பாறசாலை
1113 சித்திரை 11

தம்பிக்கு, இங்கே சுகம். உன் கடிதம் வந்து பத்து மாதம் ஆகிறது. உடம்பு நன்றாக இருந்து எழுதாமல் இருக்கிறாயானால் கோபப்படுவேன், உடம்பு சரியில்லாமல் எழுதாமல் இருக்கிறாயானால் அதைவிடக் கோபப்படுவேன்.

இங்கே காரியங்கள் முன்பு போல இல்லை. வக்கீல் சபையில் எழுந்து, ஓட்டு வாங்கி வந்தவர்கள் கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்ல இங்கே யார் இருக்கிறார்கள் என்று கேட்டாராம். அதைப் பேப்பரில் வாசித்தோம். அடுத்த வாரம் அந்தப் பேப்பர் வரவில்லை. லைசென்ஸை எடுத்துவிட்டார்கள் என்கிறார்கள். இப்போது வருகிற பேப்பரில் சர்க்கார் விசேஷங்களும் மாட்டுச் சந்தை விலையும்தான் இருக்கிறது. மாசியில் தனுவச்சபுரத்தில் வக்கீல் பேசுவதாக இருந்தார். பந்தல் போட்ட பிறகு கூட்டம் கூடாது என்று உத்தரவு வந்தது. பந்தலைப் பிரித்துக் கொண்டுபோனார்கள்.

சபைக்குப் பொறுப்பான மந்திரிகள் வேண்டும் என்று மகாராஜாவுக்கு ஒரு மகஜர் எழுதியிருக்கிறார்கள். நம் பக்கத்தில் அதை வீடு வீடாகக் கொண்டுபோவது பாலையன். முதலில் என்னிடம்தான் வந்தார். நாலு பக்கம், முழுவதும் வாசித்தேன். மரியாதையாகவே எழுதியிருந்தது. முதல் கையெழுத்து என்னுடையது, இரண்டாவது அவருடையது. அவர் இப்போது சிலேட்டைப் பார்க்காமலே போடுகிறார். அதற்குமேல் ஒரு எழுத்தும் கற்றுக்கொள்ள மாட்டேன் என்கிறார், வயதாகிவிட்டதாம்.

கல்யாணசுந்தரி எப்போது வருகிறாள்?

உமையம்மாள்

•

கரமனை
1113 ஆடி 2

அக்காளுக்கு. இங்கு நாங்கள் இருவரும் சுகம். நீங்களும் சுகமாக இருக்க வேண்டுகிறேன்.

உங்கள் சித்திரைக் கடிதம் பதினாறு நாள் கழித்து வந்தது. உறை ஒட்டின இடத்தில் மறுபடி பசை தடவியிருந்தது. இனி எழுதும்போது உடம்பு, வீடு, பசு இவற்றைப் பற்றி மட்டும் எழுதவும். வேறு விஷயங்கள் வேண்டாம். உத்தியோகஸ்தர்கள் ஒவ்வொருவரும் தங்கள் குடும்பத்தார் யாரும் எந்தச் சங்கத்திலும் சேரவில்லை என்று எழுதிக்கொடுக்க வேண்டும் என ஒரு சுற்றறிக்கை வந்திருக்கிறது. சூப்ரண்டு இப்போது உங்களைப் பற்றிச் சிரித்துப் பேசுவதில்லை.

பாலையனை வீட்டுக்கு வரவிட வேண்டாம். கல்யாணசுந்தரி இப்போது வர வசதிப்படாது.

தாணுமாலயன்

•

சிவமயம்

பாறசாலை
1114 ஆவணி 24

தம்பிக்கு. நீ சொன்னபடி உடம்பைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

நான் சுகம். பசு சுகம். வக்கீல் ஞானசம்பந்தத்துக்குச் சுகமில்லை, போன மாதக் கடைசியில் பூஜப்புரைக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள், அங்கே சிகிச்சைக்கு எத்தனை மாதம் ஆகும் என்று தெரியவில்லை. நெய்யாற்றின்கரையில் ஆவணி பதினைந்தாம் தேதி பலருக்கு ஒரே நேரத்தில் சுகக்கேடு வந்தது. அதில் சிலர் எழுந்திருக்கவில்லை. அன்றைக்கு மரச்சீனி விற்கப் போன பாலையன் வண்டியை அங்கேயே விட்டுவிட்டு வயல் வழியாக நடந்து சாயங்காலம் வந்து சேர்ந்தார். இரண்டு நாள் காட்டு வேலைக்குப் போகவில்லை. மூன்றாம் நாள், "அம்மா, பட்டாளம் துப்பாக்கி வெடி வெச்சது நம்ம ஆளுகளைப் பாத்தாக்கும்" என்றார். அதோடு சரி.

இதில் உடம்பைத் தவிர வேறு எதுவும் எழுதவில்லை. இதை இடையில் வாசிக்கிறவர்களும் சுகமாக இருக்கட்டும்.

உமையம்மாள்

•

கரமனை
1114 புரட்டாசி 9

அக்காளுக்கு. இந்தக் கடிதத்தை நம்பிக்கையான ஆள் கையில் கொடுத்து அனுப்புகிறேன்.

சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன். மகஜரின் நகல் கச்சேரிக்கு வந்திருக்கிறது. நம் பக்கத்துத் தாளில் முதல் பெயர் உங்களுடையது. சூப்ரண்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டு அதைக் காட்டினார். உத்தியோகம் போகும். உத்தியோகம் மட்டும் போனால் பரவாயில்லை, உங்களையும் கூட்டிக்கொண்டு போவார்கள். தப்ப ஒரு வழி உண்டு. அதை அவரே சொன்னார், அதற்காக அவருக்கு நன்றி சொல்ல வேண்டும். கூட உள்ள காகிதத்தில் கைநாட்டு வைத்து இந்த மாதம் முப்பதாம் தேதிக்குள் அனுப்பவும். அதன் வாசகம் இது:

"பாறசாலை நமச்சிவாயம் பிள்ளை விதவை உமையம்மாள் கொடுக்கும் வாக்குமூலம். எனக்கு எழுதவோ வாசிக்கவோ தெரியாது. மகஜரில் என் பெயரில் காணும் கையெழுத்து நான் இட்டதல்ல. மேற்படி ஊர் பாலையன் என்பவன் என் சம்மதமில்லாமல் என் பெயரைத் தானே எழுதிச் சேர்த்திருக்கிறான். இதை வாசித்துக்காட்டக் கேட்டு, சரியென்று கண்டு, என் இடது கைப் பெருவிரலை வைத்திருக்கிறேன்."

இது கச்சேரி அலமாரியில் கிடக்கும் ஒரு காகிதம், அவ்வளவுதான். பாலையனுக்கு இதனால் ஒன்றும் வராது. நான் உங்களிடம் இதுவரை எதுவும் கேட்டதில்லை.

தாணுமாலயன்

•

கரமனை
1114 ஐப்பசி 3

அக்காளுக்கு. சுகம். உங்கள் பதிலுக்குக் காத்திருந்தேன், வரவில்லை. பரவாயில்லை. அந்த விஷயம் இனி வேண்டாம், முடிந்துவிட்டது. அந்தக் காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிடவும்.

எனக்கு ஹெட் கிளார்க் உத்தரவு வந்தது. கல்யாணசுந்தரி சுகம்.

தாணுமாலயன்

•

சிவமயம்

பாறசாலை
1114 ஐப்பசி 15

என் தம்பி தாணுமாலயனுக்கு. இங்கே எல்லாம் சுகம், இன்றைக்கு உண்மையாகவே சுகம்.

உன் புரட்டாசிக் கடிதத்துக்கு நான் மூன்று தடவை பதில் எழுதினேன், மூன்றையும் அடுப்பில் போட்டேன். முடியாது என்று எழுதினால் உன் சோற்றில் மண் போடுகிறேன். சரி என்று எழுதினால், சிலேட்டில் எட்டு நாள் உட்கார்ந்து எழுதிய மனுஷன் தலையில் பழி போடுகிறேன். எழுதாமலே இருந்துவிட்டேன். தேதி தாண்டிய அன்று உலை வைக்கவில்லை. அப்போதுதான் உன் கடிதம் வந்தது. நீயே அதை விட்டுவிட்டாய் என்றும், அப்படியும் பதவி கிடைத்தது என்றும் வாசித்தபோது எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று எழுதத் தெரியவில்லை. உன்னைத் தப்பாக நினைத்த அந்த மூன்று வாரத்துக்கு என்னை மன்னித்துக்கொள்.

மகாராஜா பிறந்த திருநாளுக்குப் பூஜப்புரை ஜெயிலிலிருந்து எல்லோரையும் விட்டார்கள். வக்கீல் மெலிந்துபோய் வந்திருக்கிறார். ஆனால் பாலையனை விடவில்லை. அவரைப் புரட்டாசி முடிவில் பிடித்தார்கள். அவர் பேரில் இருப்பது அரசியல் கேஸ் இல்லையாம், கள்ளக் கையெழுத்துக் கேஸாம், அதற்கு இந்த விடுதலை கிடையாதாம். தன் பெயரைத் தவிர ஒரு எழுத்தும் தெரியாத ஆள் யார் கையெழுத்தைக் கள்ளமாகப் போடுவார்? சத்தியபாய் தினமும் வந்து என் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். நீ இப்போது ஹெட் கிளார்க் ஆயிற்றே, என்ன ஏது என்று விசாரித்து எழுது. உன்னை நம்பித்தான் அவளுக்குத் தைரியம் சொல்லியிருக்கிறேன்.

கல்யாணசுந்தரிக்கு வெல்லமும் புளியும் கொடுத்து விட்டிருக்கிறேன்.

அக்காள்
உமையம்மாள்

•

சிவமயம்

பாறசாலை
1114 மார்கழி 9

தம்பி தாணுமாலயனுக்கு அக்காள் உமையம்மாள் எழுதுவது. நான் சுகம். உன் சுகத்தைக் கேட்கிறேன், கேட்காமல் இருக்க முடியவில்லை.

நீ பதில் எழுதவில்லை. கார்த்திகையில் எனக்குக் கோர்ட்டிலிருந்து சம்மன் வந்தது, பாலையன் கேஸில் சாட்சியாம். கள்ளமாகப் போட்டது யார் கையெழுத்தை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ஆனாலும் நடுவில் என்ன நடந்தது என்று விளங்கவில்லை. முந்தாநாள் போனேன். வக்கீல்தான் பாலையனுக்காக நின்றார். பாலையன் கூண்டில் நின்றார், என்னைப் பார்க்கவில்லை.

மாஜிஸ்திரேட் ஒரு காகிதத்தை எடுத்து வாசிக்கச் சொன்னார். முதல் வரியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, நீ அனுப்பின அதே வாசகம். எழுதவோ வாசிக்கவோ தெரியாது என்று என் முன்னால் நின்று ஒருவர் உரக்க வாசித்தார். வாசித்துக்காட்டக் கேட்டு என்று அதில் ஒரு வரி இருந்ததே, அது ஒன்று மட்டும் அன்றைக்கு உண்மையாயிற்று.

பிறகு காகிதத்தை என் கையில் கொடுத்தார்கள். இன்ஸ்பெக்டர் "இது நிங்கள் வெச்ச கைநாட்டு தன்னெயல்லே?" என்று கேட்டார். பார்த்தேன். பெருவிரல் தெளிவாக விழுந்திருந்தது. அதன் குறுக்கே சாய்வாக ஒரு வெள்ளைக் கோடு.

தம்பி, எத்தனை கடிதத்தில் நான் அந்த விரலை விசாரித்திருக்கிறேன். ஆறிவிட்டதா என்று கேட்டேன், மஞ்சள் போடச் சொன்னேன். கோர்ட்டில் அதைப் பார்த்தவுடன் முதலில் வந்த நினைப்பு, நன்றாக ஆறியிருக்கிறது என்பதுதான். அதற்குப் பிறகுதான் மற்றது விளங்கியது.

என்னுடையது இல்லை என்று சொன்னால், பிறகு யாருடையது என்று கேட்பார்கள். கேட்டுக்கொண்டே உன் வீட்டு அடுக்களை வரை வருவார்கள். கல்யாணசுந்தரியால் அந்த விரலை எங்கே ஒளிக்க முடியும்? என்னுடையது, காகிதத்தில் உள்ளதெல்லாம் சரி என்று சொன்னால் பாலையன் ஜெயிலுக்குப் போவார். தண்ணீர் கேட்டேன். குடித்து முடிக்கிற நேரம்தான் யோசித்தேன்.

"இது நான் வச்ச கைநாட்டாக்கும். ஆனா இதில எழுதியிருக்கது பொய்யாக்கும்" என்றேன். "எனக்கு எழுதத் தெரியும். மகஜர்ல உள்ளது என் கையெழுத்து. நான் வாசிச்சுப் பாத்துப் போட்டது. பேனா தாங்க, இப்பமும் போடுதேன்."

ஒரு சிப்பந்தி மை டப்பாவைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்து, கைநாட்டை ஒத்துப் பார்க்கலாமே என்றான். ஒத்துப் பார்த்தால் எல்லாம் வெளியாகிவிடும். எழுதத் தெரிந்தவள் எதற்கு விரலில் மை தொட வேண்டும் என்று சொல்லிப் பேனாவை எடுத்து, என் பெயரை நாலு தடவை எழுதினேன். மகஜரோடு ஒத்துப் பார்த்தார்கள். வக்கீல், பாறசாலைப் பள்ளிக்கூடத்தில் ஒன்பது புருஷன்மார் பெயரை எழுதிய பென்சில் இவளுடையது, அதற்கு அந்த ஊரே சாட்சி என்றார். பாலையனை என் பெயரை எழுதச் சொன்னார்கள். அவர் பேனாவை வாங்கி ரொம்ப நேரம் யோசித்துவிட்டுப் பாலையன் என்று எழுதிக் கொடுத்தார். மாஜிஸ்திரேட்டே சிரித்துவிட்டார். பாலையனை விட்டுவிட்டார்கள்.

பிறகு மாஜிஸ்திரேட், எதற்காகப் பொய் எழுதிக் கொடுத்தாய் என்று என்னைக் கேட்டார். "பேடிச்சுப் போச்சு" என்றேன். அதில் பொய் இல்லை, யார் பயந்தது என்பதை மட்டும் சொல்லவில்லை. பொய் வாக்குமூலம் கொடுத்ததற்கு என்மேல் கேஸ் எடுக்கிறார்கள். தை பதினெட்டாம் தேதி வரச் சொல்லியிருக்கிறார்கள். என்ன கிடைக்கும் என்று தெரியவில்லை, கொஞ்ச நாள் உள்ளே இருக்க வேண்டிவரலாம் என்கிறார் வக்கீல். பசுவைச் சத்தியபாய் பார்த்துக்கொள்வாள். நீ கோர்ட்டுப் பக்கம் வராதே. வந்தால் உன் முகத்தை வைத்தே கண்டுபிடித்துவிடுவார்கள்.

எனக்குக் கோபம் இல்லை என்று எழுதினால் அது இரண்டாவது பொய் வாக்குமூலம். கோபம் உண்டு. நீ பயந்ததற்கு இல்லை, பயம் யாருக்கும் வரும். காகிதம் அலமாரியில் கிடக்கும் என்று நீ உண்மையாகவே நம்பியிருப்பாய். ஆனால் ஐப்பசியில் நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்டு எழுதினேனே, அதை வாசித்துவிட்டு நீ பேசாமல் இருந்தாய். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. இரண்டு நாளாக அதை நினைத்துத்தான் அழுகிறேன்.

கல்யாணசுந்தரியைத் திட்டாதே. எதற்கு என்று தெரியாமல்தான் அவள் விரலை நீட்டியிருப்பாள். என் கேஸ் முடிந்ததும் அவளை இங்கே அனுப்பு. ஒரு மாதத்தில் எழுதக் கற்றுக்கொடுத்து அனுப்புகிறேன். அதன்பிறகு அவள் விரலை யாரும் இரவல் வாங்க முடியாது.

இந்தக் கடிதத்தைத் தபாலில் போட முடியாது என்பது உனக்கே தெரியும். கொண்டுவருகிறவர் பாலையன். தன் பெயரைத் தவிர ஒன்றும் வாசிக்கத் தெரியாதவர் என்பதால் அவரிடம் தைரியமாகக் கொடுத்தேன். இந்தக் காரியத்தில் உன் பெயரை அவர் எங்கும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அம்மாவின் தம்பி பெரிய உத்தியோகத்தில் இருந்தும் ஒன்றும் செய்ய முடியாமல் வருத்தப்பட்டிருப்பார் என்று என்னிடமே சொன்னார். அவரை வாசலில் நிறுத்தாதே. உள்ளே கூப்பிட்டு, இலை போட்டு, நீயே பரிமாறு. பாறசாலையிலிருந்து நடந்து வந்திருப்பார். மோட்டார் காசு கொடுத்தும் வாங்கிக்கொள்ளவில்லை.

வாசித்து முடித்ததும் இதை அடுப்பில் போட்டுவிடு. போடுமுன் கீழே ஒரு தடவை நன்றாகப் பார். கையெழுத்துக்குப் பக்கத்தில் இருப்பது என் இடது கைப் பெருவிரல், இப்போதுதான் மையில் தொட்டு வைத்தேன். அதில் கோடு ஒன்றும் இல்லை. இரண்டும் என்னுடையவை.

அக்காள்
உமையம்மாள்
(கைநாட்டு)